புளியில் ஊறிய ஏழு காசுகள்

ஏழு காசுகளை நான் புளியில் ஊறப்போட்டேன். நாணயப் பட்டியல் எழுதும் தொழிலில் இருபத்தாறு வருடம் இருந்தவள் நான். எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சிட்னியிலும் மெல்பேர்னிலும் ஏலக்கூடங்களிலும் அரும்பொருளகங்களிலும் இதே வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஐந்து பேர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். எடை போடுவதையும் விட்டம் அளப்பதையும் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. உங்களில் ஒருத்தி மட்டும், "அன்ரி, நீங்கள் பெரிசா ஏதும் பிழை விட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். நான் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தப் பிள்ளைக்குத்தான் இது. அந்த வருடத்து நாட்குறிப்பை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் இலங்கையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் வாடகை வீடு. அப்போது அங்கே தமிழ்க் கடை ஒன்றும் கிடையாது. கொழும்பில் அரும்பொருளகம் ஒன்றில் பதிவேடு எழுதும் லிகிதராக இருந்த அனுபவத்தைக் காட்டி, சிட்னி நகரத்தில் நாணய ஏலக்கூடம் ஒன்றில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் கிரேக்க, ரோம, பைசாந்தியக் காசுகளுக்குப் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேலை நிரந்தரமானது, நான் சொல்லப்போகும் கதைக்குச் சரியாக ஐந்து வாரம் முன்பு.

நிரந்தரமானதற்கு ஒரு காரணம் புளி. வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குகிற கை என்னுடையது. செம்பில் ஏறிய அழுக்கைப் புளி எடுக்கும் என்பது எங்களில் யாருக்குத்தான் தெரியாது? அழுக்கேறிய ரோமச் செப்புக் காசு ஒன்றை ஒருநாள் புளிக்கரைசலில் போட்டு எடுத்தேன். பேரரசரின் மூக்கும் தாடையும் பளிச்சென்று வந்தன. ஏலக்கூடத்து முகாமையாளர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி காட்டித் திரிந்தார். அன்றிலிருந்து என் மேசையில் புளிப்போத்தல் ஒன்று நிரந்தரமாக இருந்தது. எனக்கு அதில் பெருமை. பெருமை என்ற சொல்லை நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை யாக்கூப் என்பவர் ஒரு புகையிலை டின்னோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். துருக்கியின் தென்கிழக்கே மார்தின் என்ற ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர். இங்கே ரயில் பெட்டிகளுக்கு இருக்கை தைக்கும் வேலை. டின்னுக்குள் நாற்பத்தொரு செப்புக் காசுகள். தகப்பனார் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது ஒரு சின்னக் குடத்தில் கிடைத்தவையாம். வீடு இப்போது இல்லை, தகப்பனாரும் இல்லை. மெல்பேர்னில் உள்ள அரும்பொருளகம் ஒன்றுக்கு இவற்றை அன்பளிப்பாகக் கொடுக்க விரும்பினார். எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்த புதையல் என்று தகுந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகவும், கண்டெடுத்தவர் என்று தகப்பனாரின் பெயரை அட்டையில் எழுதுவதாகவும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். (இன்று ஒருவர் இப்படிக் காசு கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அன்று யாரும் கேட்கவில்லை.)

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் எனக்கு நினைவில் இருப்பது என் தமிழில்.

"என்ர அப்பாவின்ர பெயர் ஒரு இடத்திலயாவது இருக்கவேணும், மேடம்," என்றார். "கல்லறையும் இல்லை. இதுதான் இருக்கு."

"பார்த்துச் சொல்லுறன்," என்றேன். வேறு ஒன்றும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது நாட்குறிப்பில் இல்லை. கேட்காத கேள்விகளை யார் குறித்து வைக்கிறார்கள்?

காசுகளைப் பலகையில் பரப்பினேன். நாற்பது காசுகளில் பச்சைக் களிம்பு தடிப்பாக ஏறியிருந்தது. ஒன்று மட்டும் வழவழவென்று பழுப்பு நிறத்தில் இருந்தது. களிம்புக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. தலையில் நாடா கட்டிய, சுருள்முடிக் கிரேக்க அரசன் ஒருவன். பைசாந்தியப் பேரரசருக்கு முடி சூட்டும் மாதா. சிம்மாசனத்தில் கையில் வேதப்புத்தகத்தோடு கிறிஸ்து. இவற்றோடு பன்னிரண்டு காசுகளில் அரபு எழுத்து மட்டுமே தெரிந்தது. எனக்கு அரபு தெரியாது. எங்கள் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முகம் தெரிந்தவற்றைக் கிரேக்க, பைசாந்தியத் தட்டில் வைத்தேன். எழுத்து தெரிந்தவற்றை இஸ்லாமியத் தட்டில் வைத்தேன். முகம் உள்ளவற்றில் நல்லதாக ஏழைத் தெரிந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சனியும் ஞாயிறும் புளியில் ஊறவிட்டேன்.

கணவர் குசினிக்குள் வந்து ஜாம் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சருமப்பா, இதென்ன ரசமோ?"

"வையுங்கோ அதை. ஆயிரம் வருசத்துக்கு முந்தின காசு."

"மூண்டு மாசமா நான் மீன்குழம்பு கேக்கிறன். புளி இல்லை, புளி இல்லை எண்டீர். செத்த ராசாக்களுக்கு மட்டும் புளி இருக்கு."

"அவையள் குறை சொல்லாமல் ஊறுகினம்," என்றேன்.

திங்கட்கிழமை காலையில் ஏழும் பளபளத்தன. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் களிம்பு போன இடத்தில் அரபு எழுத்து இருந்தது. முன்னால் கிறிஸ்து, பின்னால் அரபு.

இந்த இடத்தில் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால், யாரிடமாவது கேட்டிருப்பேன். கொஞ்சம் தெரிந்திருந்தது. பழைய காசின் மேல் பிற்கால அரசர்கள் தங்கள் எழுத்தை மறுபடி அடிப்பது வழக்கம் என்று படித்திருந்தேன். ஆகவே இவை பழைய கிரேக்கக் காசும் பைசாந்தியக் காசும் என்று முடிவுகட்டினேன். பின்பு யாரோ அரபு எழுத்தை மேலே அடித்திருக்கிறார்கள். பலதரப்பட்ட காலம், பலதரப்பட்ட இடம். ஒரே குடத்தில் இருந்திருக்க முடியாது. களிம்பே இல்லாத அந்த வழவழப்பான காசிலும் கிறிஸ்துவும் அரபும் இருந்தன. அது அண்மையில் செய்த போலி. என் அறிக்கை ஒரு பக்கம். கடைசி வரி: "விற்பனைச் சந்தைகளில் சேர்த்த கலவை எனத் தோன்றுகிறது. உரிமையாளரின் கூற்றை ஏற்க இயலாது."

முகாமையாளர் அதை வைத்து யாக்கூபுக்குக் கடிதம் அனுப்பினார்: வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குள் வந்து எடுத்துப் போகவும். மெல்பேர்ன் அரும்பொருளகத்துக்கும், அவர்களுடைய ஆள் சிட்னிக்கு வரத் தேவையில்லை என்று தந்தி போனது.

திருப்பிக் கொடுக்கும் பொருளாக இருந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் கூடத்து ஒழுங்கு. எங்கள் படப்பிடிப்பாளர் என்னைவிடப் பத்து வயது இளையவள். நியூகாசில் பக்கத்துப் பெண். காசைப் பற்றி ஒன்றும் படித்ததில்லை. படிக்க விருப்பமும் இல்லை. எல்லோரையும் "லவ்" என்று கூப்பிடுவாள். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் இருந்தால் அது அவள்தான். பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறாள், போடவில்லை. அவள் பேசியதைத் தமிழில் எழுதினால் "நீர்" என்றுதான் வருகிறது.

வியாழக்கிழமை பகல் அவள் என் கதவில் தட்டினாள்.

"இஞ்ச வாரும், லவ். உம்மட கிரேக்க ராசாவுக்குக் கன்னத்தில எழுத்து."

"அது களிம்பு."

"களிம்பு இப்பிடி வரிசையில ஏறுமோ? வந்து பாரும்."

அவள் விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் காசின் மேல் படுத்துக்கொண்டு போகும்படி வைப்பாள். அப்போது சிறு மேடும் நிழல் விடும். கழுவாமல் விட்ட ஒரு காசில், அரசனின் கன்னத்தில் ஏறிய களிம்பில், கோடுகளும் வளைவுகளும் இருந்தன. அரபு போலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

அவள் கழுவி எடுத்த பிலிமை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு அதைப் புரட்டிப் போட்டாள். கோடுகள் சட்டென்று எழுத்தாக நின்றன.

"நான் ஒவ்வொரு நாளும் எல்லாத்தையும் இடம் வலம் மாத்தித்தான் பாக்கிறன்," என்றாள். "இது ஒரு எழுத்தின்ர அச்சு. வேற ஒரு காசு இதில ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கு. கனகாலம்."

இஸ்லாமியத் தட்டிலிருந்த பன்னிரண்டையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஏழாவது காசில் அதே எழுத்து. அதன் களிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. அந்தச் சில்லு கிரேக்க அரசனின் கன்னத்தில் ஒட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். மேல் உதடும் கீழ் உதடும் போல மூடிக்கொண்டன. நான் இரண்டு தட்டில் பிரித்து வைத்த இரண்டு காசுகள், மண்ணுக்குள் பல நூறு வருடம் கன்னத்தோடு கன்னம் கிடந்திருக்கின்றன.

மாலைக்குள் ஒன்பது காசுகள் ஒரு கோவையாகச் சேர்ந்தன. முகம், எழுத்து, முகம், முகம், எழுத்து. இரண்டு பக்கமும் கோவை அறுந்துபோன இடத்தில் இருக்க வேண்டியவை எவை என்று எனக்கு உடனே விளங்கியது. அவை என் முன்னால் குத்துவிளக்குப் போல மின்னிக்கொண்டிருந்தன. அவற்றில் களிம்பு இல்லை. யாருடைய கன்னத்தின் அடையாளமும் இல்லை.

"எத்தினை கழுவினீர்?"

"ஏழு."

அவள் என்னைத் தேற்றவில்லை. "இனி அந்தப் போத்தலை வீட்ட கொண்டுபோம்," என்றாள். பிறகு இன்னொரு பிலிமை வைத்தாள். போலி என்று நான் எழுதிய வழவழப்பான காசு. கிறிஸ்துவின் சிம்மாசனக் காலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. களிம்பேறிய இன்னொரு காசிலும் அதே காலில் அதே வெடிப்பு. இரண்டுக்கும் பின்னால் எழுத்தும் ஒரே எழுத்து. வெடிப்பு, காசுகளை அடித்த அச்சில் இருந்தது: ஒரே அச்சு முன்னால், ஒரே அச்சு பின்னால். பழைய காசின் மேல் யாரும் பிறகு அடித்த எழுத்தல்ல, போலியும் அல்ல. ஒரே பட்டறையில், ஒரே நாளில், ஒரு முஸ்லிம் அரசனுக்காக ஒருவன் கிறிஸ்துவையும் அரபையும் சேர்த்தே வெட்டியிருக்கிறான்.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு வெட்கம் வந்தது. கொழும்பில் மூன்று வருடம் நான் செய்த வேலை என்ன? சோழர் காசில் நிற்கும் ஓர் அரசனை இலங்கை அரசர்களின் காசில் பார்த்தேன். கையும் காலும் குச்சியாக மெலிந்த பிறகு யாழ்ப்பாணத்துச் சேதுக் காசிலும் அவனையே பார்த்தேன். "சேது" என்று தமிழில் எழுதிய காசில் அவன் நிற்பதைப் பார்த்து, இந்த எழுத்து பிற்காலத்தில் மேலே அடித்தது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எடுத்தால் வழக்கம். மற்றவர்கள் எடுத்தால் மோசடி. அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

அந்த அச்சு வெட்டியவனை அன்றைக்குத்தான் முதன்முதலில் நினைத்துப் பார்த்தேன். மார்தின் பக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட ஆர்த்துகித் என்ற துருக்கிய அரச குலத்தின் காசுகள் இவை என்று பிற்பாடு படித்தேன். அவனுடைய ஊரில் பைசாந்தியச் செப்புக் காசு சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது. உழுகிறவன் கலப்பையில் கிரேக்க அரசனின் வெள்ளிக் காசு மாட்டியிருக்கும். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையதான அந்த முகத்தை அவன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். நெற்றி நாடாவின் முடிச்சைக்கூட விடாமல் வெட்டியிருக்கிறான். அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஏன் எடுத்தார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள்; எதுவும் முடிந்த முடிவல்ல. அழகானதைக் கண்டு கை சும்மா இருக்காது என்பது என் காரணம். அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

வெள்ளி காலை முகாமையாளரின் அறைக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல.

"மேலும் ஆய்வு தேவை எண்டு ஒரு வரி சேர்ப்பம்," என்றார். "பிழை எண்டு எழுதினா, நீங்கள் இதுவரை எழுதின எல்லாத்தையும் ஆக்கள் சந்தேகிப்பினம். நீங்கள் நிரந்தரமாகி ஐஞ்சு கிழமைதான்."

"அந்த மனுசனைப் பொய்யன் எண்டு எழுதினது என்ர கை. மேலும் ஆய்வு எண்டா அவர் இன்னும் அரைப் பொய்யன்."

"கழுவினதையும் எழுதப் போறீங்களோ?"

"ஓம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிதத்தில கையெழுத்து என்ர. அவரோட பேச்சு உங்கட," என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது யாக்கூப் வந்தார். வேலை உடுப்பில் நீல நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. வெறும் டின்னை மேசையில் வைத்தார். கதிரையில் இருக்கவில்லை.

"போடுங்கோ," என்றார்.

"முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் எழுதினது பிழை. நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரே குடம்."

நான் கோவையைக் காட்டினேன். உதடு போல மூடும் இரண்டு காசுகளையும் அவர் கையில் கொடுத்தேன். அவற்றை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். பிறகு வெளிச்சப் பெட்டியில் இருந்த பிலிமைக் குனிந்து பார்த்து மெதுவாக வாசித்தார்.

"அல் மலிக்... அல் ஆலிம்... அல் ஆதில்."

"உங்களுக்கு அரபு தெரியுமோ?"

"மார்தின்காரர் வீட்டில கதைக்கிறதே அரபுதான். அரசர், கற்றவர், நீதியானவர் எண்டு இருக்கு." நிமிர்ந்தார். "நீங்கள் கேக்கேல்லை."

நான் கேட்கவில்லை. முழு நகரத்திலும் எழுத்தை வாசிக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்தவர் என் முன்னால் நின்று தகப்பனாரின் பெயரைப் பற்றிப் பேசியிருந்தார்.

ஏழு காசுகளையும் புளியில் போட்டதைச் சொன்னேன். அவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டார். முகத்தில் வேதனை தெரிந்தது. மறைக்கவில்லை. பிறகு போலி என்று நான் எழுதிய காசை எடுத்தார். அப்போதுதான் முகம் மாறியது.

"இதை மட்டும் ஏன் போலி எண்டீங்கள்?"

"களிம்பில்லை. வழவழப்பா இருக்கு."

சிரித்துவிட்டார். "முப்பது வருசம் சுண்டினா வழவழப்பா வராதோ? பக்கத்து வீட்டு முஸ்லிம் கிழவரும் என்ர அப்பாவும் ஒவ்வொரு நாளும் தாயம் உருட்டி விளையாடுவினம். ஆர் முதல் ஆடுறது எண்டு இதைத்தான் சுண்டுவினம். அப்பா எப்பவும் எழுத்துப் பக்கம் கேப்பார். மற்றவர் எப்பவும் கிறிஸ்துவைக் கேப்பார். 'உன்ர ஆளை நம்பி நான் தோத்தால் உனக்குத்தான் அவமானம்' எண்டு அவர் சொல்லுவார். 'உன்ர அரசர் நீதியானவரோ எண்டு பாப்பம்' எண்டு அப்பா சொல்லுவார்."

கதவில் நின்ற படப்பிடிப்பாளர் சத்தமாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் காசை அண்மையில் செய்த போலி என்று நான் அறிக்கை எழுதினேனோ, அதே காசை இரண்டு வீட்டார் முப்பது வருடம் ஒரே மேசையில் சுண்டியிருக்கிறார்கள்.

முகாமையாளர் மெல்பேர்னுக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த வாரம் ஆள் வருவதாகச் சொன்னார்கள். நாற்பது காசுகளைக் கொடுப்பது, சுண்டும் காசு மகனிடமே இருப்பது என்று முடிவானது. அட்டையை நான் அப்போதே தட்டச்சு செய்தேன். இடம், கண்டெடுத்தவரான தகப்பனாரின் பெயர், ஒரே குடம், நாற்பத்தொன்று, ஒன்று மகனிடம். அதன் கீழே: "ஏழு காசுகளின் களிம்பு பட்டியலாளரால் நீக்கப்பட்டது." அதற்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துக்களை இடப்போனேன்.

யாக்கூப் தட்டச்சுப் பொறியின் மேல் கையை வைத்தார்.

"வேண்டாம். எனக்கு வந்த கடிதத்தை நான் கிழிச்சுப் போடுவன், அது முடிஞ்சுது. இது எப்பவும் இருக்கும். அப்பாவின்ர பெயருக்குக் கீழ ஒரு ஆளின்ர வெட்கம் ஏன்?"

"பின்னால வாறவைக்கு அந்த ஏழும் ஏன் மினுங்குது எண்டு தெரியவேணும். ஆரைக் கேக்கிறது எண்டும் தெரியவேணும்."

"பிடிவாதம்," என்றார்.

"ஓம்."

அவர் அந்த வழவழப்பான காசைப் பெருவிரல் நகத்தில் வைத்தார். "அப்பாவின்ர முறையில தீர்ப்பம். நீங்கள் வெண்டால் எழுதுங்கோ. சொல்லுங்கோ, எந்தப் பக்கம்?"

எனக்கு இரண்டு பக்கமும் சொந்தமில்லை. அல்லது அந்த வாரத்தில் இரண்டுக்கும் கடன்பட்டிருந்தேன். மற்றவரின் பக்கத்தைக் கேட்பதுதான் அந்த விளையாட்டின் முறை என்று மட்டும் விளங்கியது. எனக்கு எதிரே நின்றவர் கிறிஸ்தவர்.

"கிறிஸ்து," என்றேன்.

காசு சுழன்று, மேசையில் விழுந்து, என் புளிப்போத்தலில் முட்டி நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சிம்மாசனக் காலில் அந்த வெடிப்பு தெரிந்தது.

யாக்கூப் கையை எடுத்தார். நான் என் முதலெழுத்துக்களை அடித்தேன். மெல்பேர்னுக்குப் போகிறவர்கள் அந்தத் தட்டை இழுத்துப் பாருங்கள். அட்டை மஞ்சளாகியிருக்கும். எழுத்து வாசிக்கலாம்.